ம் கொட்டினவள்

தூங்கு யாழு. இல்லை, தூங்காதே. எதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் ஒன்றை முனகுகிறது, கை அதுபாட்டுக்குத் தட்டுகிறது, நடுவில் நான் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளை என் தொடையில். மூன்றாவது மாடி முழுக்கச் சத்தமே இல்லை. ஆற்றங்கரையிலிருந்து எங்களை லாரியில் ஏற்றி இந்தக் குடியிருப்பில் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து இந்த பிளாக்கு இப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. ஃபேனை நிறுத்துங்கள் என்றார்கள், நிறுத்திவிட்டார்கள். டிவி, மிக்ஸி, கீழே தண்ணி மோட்டார், எல்லாம் நின்றுவிட்டது. அடுப்பில் இருந்த குக்கரைக்கூட விசில் வருவதற்குள் இறக்கி வைத்துவிட்டு வாசல் வாசலாக வந்து நிற்கிறார்கள். எல்லாம் என் பிள்ளை தூங்குவதற்காக. அவள் தூங்கினதும் மெல்லத் தூக்கிக்கொண்டு போய் வராண்டாவில் வெயில் விழுகிற இடத்தில் செண்பகம் அண்ணியின் கையில் கொடுக்க வேண்டும். படம் எடுக்கிற ஜெசிந்தாக்கா கேமராவுக்குப் பின்னால் நின்று கையைக் காட்டுவாள், அண்ணி அழ ஆரம்பிப்பாள், என் யாழினி செத்துப்போன பிள்ளையாகப் படத்தில் விழுவாள். அந்த வார்த்தையை மனசுக்குள்கூடச் சொல்லக்கூடாது என்று காலையிலிருந்து வைத்திருந்தேன். சொல்லிவிட்டேன். மூன்று தரம் தூ தூ தூ என்று துப்ப வேண்டும், சத்தம் வரும், துப்பவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டேன். விழுங்கினால் உள்ளே போய்விடுமா அந்த வார்த்தை? என்ன புத்தியோ எனக்கு. கண் எரிகிறது. ஒரு வாரமாக ராத்திரி இவள் தூங்குவதில்லை, சிணுங்கிக்கொண்டே தோளில் கிடக்கிறாள், ஓம வாட்டர் கொடுத்தாயிற்று, வசம்பு கொடுத்தாயிற்று, திருஷ்டி சுற்றிப் போட்டாயிற்று, என்னவென்றே தெரியவில்லை. அவளுக்கும் தூக்கமில்லை, எனக்கும் தூக்கமில்லை. இப்போது படுத்தால் இரண்டு பேரும் அப்படியே போய்விடுவோம். போய்விடுவோம் என்றால் தூக்கத்துக்குள். தூக்கத்துக்குள் என்றுதான் நினைத்தேன்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே எழிலு என்று. அது எங்கே வருகிறது எனக்கு. ஜெசிந்தாக்கா குழாயடியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவள் எங்கள் பிளாக்குப் பெண்தான், கீழ் வீட்டு டெய்லர் பெண், காலேஜில் படம் எடுக்கிற படிப்புப் படித்துவிட்டு வந்து, நம்ம கதைய நம்மளே எடுக்கலேன்னா வேற யாருக்கா எடுப்பாங்க என்று வீடு வீடாகப் பேசினவள். அவளைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் படத்தின் கதையைச் சொல்லச் சொல்ல நான் ம் கொட்டிக்கொண்டே இருந்தேன். கதை சொன்னால் ம் கொட்டத்தானே வேண்டும், கொட்டாவிட்டால் சொல்கிறவள் நிறுத்திவிடுவாள், மரியாதையும் இல்லை. போன மழையில் தண்ணி ஏறினது. ம். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுபோனது. ம். அமுலுக்கா உடம்பு முடியாத தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினது. ம். படியிலேயே எல்லாம் முடிந்துபோனது. ம். பொம்மையை வைத்து எடுத்தது சரியாக வரவில்லை. ம். நிஜக் குழந்தை இருந்தால் நன்றாக இருக்கும். ம். நம்ம யாழினியை வச்சு எடுத்துக்கட்டுமா எழிலு. ம். அந்தக் கடைசி ம் எப்போது வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. முன்னால் போன ம் எல்லாம் கையைப் பிடித்து அதையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஜெசிந்தாக்கா என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கண்ணில் தண்ணி. நான் சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ அது கதை கேட்ட ம், ஒத்துக்கொண்ட ம் இல்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஒரே மாதிரிதானே கேட்கும். பெண் பார்க்க வந்தபோதும் அண்ணி, அப்போது அண்ணி இல்லை, மாப்பிள்ளையின் அக்கா, என் தம்பியப் புடிச்சிருக்காடி என்று கேட்க, நான் ம் என்றேன். அது நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரர் டில்லி குடிக்கிறதில்லை, அடிக்கிறதில்லை, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வந்ததும் பிள்ளையைத்தான் தேடுவார். ஒவ்வொரு ம்மும் நல்லதாகவே போய்க்கொண்டிருக்குமா?

ராத்திரி அவரிடம் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒரு மாதிரி இருக்கு மாமா என்றேன். ஒரு மாதிரின்னா என்னா மாதிரி என்றார். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் அந்தப் படத்துக்கு ஆட்டோவைக் கொடுத்திருக்கிறார், கேமராவைப் பின்னால் ஏற்றி மெதுவாக ஓட்டுகிறார், வாழ்க்கையில் இவ்வளவு மெதுவா நான் வண்டியே ஓட்டினதில்ல என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். எல்லாரும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் இருந்த தெர்மாகோலைக் கொடுத்தார்கள், அதில்தான் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறார்கள். மூலை வீட்டிலிருந்து கரண்டு. சர்ச்சிலிருந்து பெரிய அண்டா, அதில் தினமும் ஒரு வீட்டுப் பெண்கள் சாம்பார் சாதம் கிளறுகிறார்கள். மழைத் தண்ணி சீன் எடுக்க லாரித் தண்ணியில் ஆளுக்கு ஒரு குடம் விட்டுக்கொடுத்தார்கள், இந்தக் குடியிருப்பில் தண்ணியை விட்டுக்கொடுப்பது என்றால் சும்மாவா. நான் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க என்ன இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பார், எல்லாரையும்விடப் பெரிசாகக் கொடுத்தவள் எழிலுதான் என்று பேசிக்கொள்கிறார்கள். செண்பகம் அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. படத்தில் அமுலுக்காவாக நடிப்பது அவள்தான். அழுது பழகுகிறேன் என்று பாத்ரூமில் போய்க் கத்தினாள், கீழ் வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். அப்புறம் அழுகையை நிறுத்தி, எப்பிடி, நெஜமாட்டம் இருந்துச்சா என்று அவர்களிடமே கேட்டாள். நல்லவள்தான் அண்ணி. ஆனால் என் பிள்ளையின் மேல் விழுந்து அந்த அழுகையை அழப்போகிறாள். என் கண்ணே என்னை விட்டுப் போயிட்டியே என்று. யாழினி முகத்துக்கு நேராக. தூங்குகிற பிள்ளையின் காதில் அது விழாதா?

வாசலில் நிழல். அண்ணி எட்டிப் பார்க்கிறாள், முகத்துக்குப் பவுடர் இல்லாமல், தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு. வாயசைத்து, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, இன்னாடி இது, தெனம் இந்நேரத்துக்குக் கட்ட மாதிரி தூங்குவாளே, இன்னிக்கின்னு பாத்து ஆட்டம் காட்றா என்கிறாள். கட்டை மாதிரி. அண்ணி, உங்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா. நான் சிரிக்கிறேன், சிரிக்கிற மாதிரி உதட்டை வைக்கிறேன். வராண்டா கோடியில் சிமெண்டு ஜாலி வழியாக வருகிற வெயில் சதுரம் சதுரமாகச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது. தரையில் இருந்தபோது ஆரம்பித்தோம். அது சுவர் உச்சிக்குப் போய்விட்டால் அவ்வளவுதான், லைட்டு வாடகைக்கு எடுக்க வழியில்லை, அந்தக் கேமராவும் இன்றைக்குச் சாயங்காலம் ஏதோ கல்யாணத்துக்குப் போக வேண்டும், ஜெசிந்தாக்காவின் சிநேகிதன் அதற்குமேல் இரவல் தரமாட்டான். இந்த ஒரு இடம் இல்லாவிட்டால் படமே நிற்காது எழிலு, நடுவுல ஓட்ட மாதிரி இருக்கும் என்றாள். எனக்குப் புரிகிறது. புரியாமல் இல்லை. பொம்மையை வைத்து எடுத்த அன்று நானும்தான் பார்த்தேன். அண்ணி பொம்மையைத் தூக்கிக்கொண்டு அழுதாள், சின்னப் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார்கள். அப்போது அமுலுக்கா, படம் ஆரம்பித்ததிலிருந்து ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள், முதல் தடவையாக வாயைத் திறந்தாள். கை தொங்கல என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பொம்மையின் கை விறைப்பாக முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

கை. யாழு, உன் கை எங்கே. என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாளே. பிடி தளர்ந்திருக்கிறது. விரல் ஒவ்வொன்றாக விடுகிறது, சுண்டு விரல் மட்டும் ஊக்கில் மாட்டிக்கொண்டு. அதையும் விட்டுவிட்டாள். கை மெதுவாக நழுவி என் தொடைக்கு வெளியே தொங்குகிறது. சட்டென்று எடுத்து அவள் நெஞ்சின் மேலேயே வைத்து என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். உள்ளே டிக்கு டிக்கு என்று ஓடுகிறது, கோழிக்குஞ்சு மாதிரி. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன், சூடாக வருகிறது. இதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். தூங்கிவிட்டாள். தூங்கியேவிட்டாள். இனி நான் தலையை ஆட்ட வேண்டியதுதான். ஜெசிந்தாக்கா கதவோரம் வந்து புருவத்தைத் தூக்கி, ஆச்சா என்பது போலப் பார்க்கிறாள். என் கை நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறது. என் தலை, என்னைக் கேட்காமலே, இல்லை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைகிறது. அவள் நம்பி, பரவாயில்லை என்று கையால் சைகை காட்டிவிட்டுப் போகிறாள். நான் ஒருத்தருக்கு இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவையோ என்னவோ. அதுவும் பொய்.

தட்டு. தட்டிக்கொண்டே இரு. சதுர வெயில் ஸ்விட்சு போர்டுக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, வெயிலே சொல்லிவிடும். கை மரத்துப்போகிறது. கண்ணை மூடினால் வெள்ளைத் துணி. அது அண்ணி வீட்டுப் பழைய வேட்டித் துணிதான், துவைத்துக் காயப்போட்டதை நானே மடித்துக் கொடுத்தேன், படத்துக்கு இவளைச் சுற்ற. கண்ணைத் திறந்துவிட்டேன். தூங்கக்கூடாது. படம் முடிந்ததும் மைதானத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் போட்டுக் காட்டுவார்களாம், பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் எல்லாம் வருவார்களாம். சுவர் உயரத்துக்கு யாழினி முகம் வரும், கண் மூடி. எல்லாரும் அழுவார்கள். நன்றாக வந்திருக்கிறது என்பார்கள். நான் எங்கே பார்ப்பது? இவள் பெரியவளாகி ஒருநாள் யாராவது போனில் போட்டு, இதோ பாரு, இது நீதான் என்று காட்டினால்? யார் கொடுத்தது என்று கேட்டால்? ஜெசிந்தாக்கா அதற்கும் ஒன்று சொன்னாள். சினிமாவில் செத்த மாதிரி நடித்தவர்களை உடனே கேமரா முன்னால் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட்டு எடுத்துவிடுவார்களாம், தோஷம் போய்விடுமாம். யாழினியையும் எழுப்பிச் சிரிக்க வைத்து எடுத்துடலாம் எழிலு, நீ பயப்படாதே என்றாள். படித்தவள் எனக்காகத்தான் அதையெல்லாம் நம்புகிற மாதிரி பேசினாள். ஆனால் இவள் தூங்கி எழுந்து என்றைக்குச் சிரித்தாள்? எழுந்தாலே அழுகைதான், அரை மணி நேரம் ஆகும் சமாதானமாக. அதுவரைக்கும் கேமரா நிற்குமா? அந்த அரை மணி நேரம் இவள் என்னவாக இருப்பாள், அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல்?

கொலுசுச் சத்தமில்லாமல் யாரோ உள்ளே வருகிறார்கள். அமுலுக்கா. செருப்பை வெளியே விட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து என் எதிரே, கொஞ்சம் தள்ளி உட்காருகிறாள். பக்கத்தில் வரவில்லை. அவள் குழந்தை போனதிலிருந்து யார் வீட்டுக் குழந்தை பக்கத்திலும் அவள் வருவதில்லை. அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் தள்ளி உட்காருகிற அந்தத் தூரத்தைப் பார்த்ததும்தான் உறைக்கிறது, அவள் வராமல் இல்லை, நாங்கள் யாரும் கொடுக்கவில்லை. மாடிப்படியில் அவள் வந்தால் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்வோம். நானும்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கை தானாகச் செய்தது. அவள் பார்க்கவில்லை என்று வேறு நினைத்திருக்கிறேன். அவள் யாழினியைப் பார்க்கிறாள். என் கையைப் பார்க்கிறாள். எனக்குத் தட்டுவதை நிறுத்தத் தெரியவில்லை.

"தூங்கி நேரமாச்சு இல்ல?" என்கிறாள், காற்று மாதிரி.

ம் என்றுகூட வரவில்லை. அவள் சுவரில் போகிற வெயிலைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி சொல்கிறாள். "நானும் இப்பிடித்தான் தட்டிக்கினு இருந்தேன் எழிலு. படிக்கட்டுல. எல்லாரும் அழுதாங்க. கொழந்த முழிச்சிக்கும், சும்மா இருங்கன்னு நான் எல்லாரையும் உஸ்ஸுன்னேன்." அப்புறம், "ஜெசிந்தா கேட்டப்ப ஓடினேன், கத்தினேன்னு சொன்னேன். அப்பிடித்தான சொல்லணும்." எனக்கு அன்றைக்கு நடந்தது ஞாபகம் வருகிறது. நான் மேல் படியில் நின்றுகொண்டிருந்தேன், வயிற்றில் யாழினி. கீழே ஒரு ஆள் உஸ் என்று சொன்னது காதில் விழுந்தது. யார், எதற்கு என்று இத்தனை நாளும் நான் யோசிக்கவே இல்லை. கர்ப்பிணி பார்க்கக்கூடாது என்று அண்ணி என்னை உள்ளே இழுத்துப் போய்விட்டாள். அப்படியானால் அண்ணி இப்போது அழப்போகிற அழுகை எங்கேயும் நடக்காத அழுகை. அதற்கா என் பிள்ளை. உடனே மனசு அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது, இதைச் சொல்லியே தப்பித்துவிடலாம், அமுலுக்காவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்று. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எனக்கு அந்தப் படம் வேணும்," என்கிறாள். "அவ போட்டோ ஒண்ணுகூட இல்ல எங்கிட்ட. எல்லாம் போன்லதான் இருந்துச்சு, போனு தண்ணில பூடுச்சு. இதுலயாவது பாப்பேன்."

என்னிடம் ஏன் சொல்கிறாய். என்னால் இதைத் தூக்க முடியாது. நான் தூங்கி ஒரு வாரமாகிறது. வெயில் ஸ்விட்சு போர்டைத் தாண்டி மேலே போகிறது, இப்போது எழுந்தால் இன்னும் எடுக்கலாம், நான் இப்படியே தட்டிக்கொண்டிருந்தால் எடுக்க முடியாது, இரண்டில் எதைச் செய்தாலும் நான்தான் செய்தேன் என்று ஆகும். வெயில் செய்தது என்று ஆகாது. அமுலுக்கா வெளியே போய், இன்னும் தூங்கல என்று எனக்காகச் சொல்லக்கூடச் செய்வாள் போலிருக்கிறது, அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, தனக்கு வேண்டியதை விட்டுவிட்டு என் பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கொள்வாள். அது கூடாது. எது கூடினாலும் அது கூடாது. நான் தட்டுவதை நிறுத்துகிறேன். கை தொடையில் கனமாகக் கிடக்கிறது. ஜெசிந்தாக்கா கதவருகே வந்து நிற்கிறாள், கேட்பதற்கு முன்னால் நான் பேசிவிட வேண்டும், கேட்டுவிட்டால் பதிலாகத்தான் பேச முடியும், பதில் என்றால் எனக்கு அந்த ஒரு எழுத்துத்தான் வரும்.

"அக்கா, யாழினி தூங்கிட்டா. அப்பவே தூங்கிட்டா. நான்தான் சொல்லல."

சத்தம் ஓங்கி வந்துவிட்டது. மாடி முழுக்க அமைதியாக இருப்பதால் கோடி வரைக்கும் போயிருக்கும். ஜெசிந்தாக்கா புரியாமல் பார்க்கிறாள். "செத்த மாதிரி வச்சு எடுக்க வேணாங்க்கா. எனக்கு இஷ்டமில்ல." அவ்வளவுதான். அதற்குமேல் காரணம் எதுவும் என்னிடம் இல்லை, இருந்ததெல்லாம் அந்த இரண்டு வார்த்தையோடு தீர்ந்துவிட்டது. வராண்டாவில் அண்ணியின் நாக்கு ச்சு என்று கொட்டுகிறது. யாரோ, முன்னமே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல என்கிறார்கள். இருக்கலாம். ஜெசிந்தாக்கா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசற்படியிலேயே அப்படியே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். அவளும்தான் எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, இவ்வளவு கிட்டத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. திரும்பாமலே, கேமராவ மூடிடு தம்பி என்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டாள், கொஞ்ச நாளைக்கு.

அமுலுக்கா எழுந்துவிட்டாள். புடவையைச் சரிசெய்கிறாள், போய்விடுவாள், அவளுக்கும் நான் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயம் போகவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது, அவள் கையைப் பார்க்கிறேன், அதில் என்ன இருக்கிறது, வளையல் கூட இல்லாத சாதாரணக் கை. யாழினியின் தலைக்குக் கீழே என் முழங்கையைக் கொடுத்துத் தூக்குகிறேன். "அமுலுக்கா, கொஞ்சம் வச்சுக்கோயேன். படத்துக்கு இல்ல. சும்மா." அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். வாங்கமாட்டாளோ. கதவுப் பக்கம் பார்க்கிறாள், வராண்டாவில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீட்டிய கையில் பிள்ளை கனக்கிறாள், வாங்குக்கா, விழுந்துவிடும். குனிந்து வாங்கிக்கொள்கிறாள். வாங்கி, பழக்கப்பட்ட மாதிரி இடது பக்கம் சாய்த்துக்கொள்கிறாள். கை மாறினதும் யாழு விழித்துவிட்டாள், முகத்தைச் சுளித்து, மூச்சை உள்ளே இழுத்து, பிறகு பிளாக்கே அதிர்கிற மாதிரி ஒரு அழுகை. அதைக் கேட்டதும் யாரோ உத்தரவு கொடுத்த மாதிரி ஒரு வீட்டில் ஃபேன் சுற்றத் தொடங்குகிறது, ஒரு வீட்டில் மிக்ஸி, கீழே மோட்டார் உறுமுகிறது, எங்கேயோ குக்கர். நான் எழுந்து வாங்க வேண்டும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், இடுப்பு வரமாட்டேன் என்கிறது. அமுலுக்கா நடக்கிறாள், ஜன்னல் வரைக்கும், திரும்பக் கதவு வரைக்கும், வாய்க்குள் விரலைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டே. அழுகை நிற்கிறது. அவள் குனிந்து வாயைப் பார்க்கிறாள், விரலால் தடவித் தடவிப் பார்க்கிறாள்.

"எழிலு, கீழ் ஈறுல பல்லு வந்துருக்கு, நீ பாக்கலயா? அதான் புள்ள ராவெல்லாம் அழுதிருக்குது."

பார்க்கவில்லை அக்கா. என்று சொல்கிறேனா, நினைக்கிறேனா. தலை சுவரில் சாய்ந்துவிட்டது. அவள் அரிசிமணியாட்டம் இருக்கு என்று யாழினியிடமே சொல்லிக்கொண்டு நடக்கிறாள், பாதம் தரையில் உரசுகிற சத்தம் கிட்டே வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. இன்னும் ஒரு நடை நடக்கட்டும், அதற்குள் எழுந்துவிடுகிறேன். இன்னும் ஒரு நடை.